புது மீன் தங்கவில்லையா? கடல்நீர்த் தொட்டியில் அறிகுறியைப் பிடித்துக் காரணம் தேடும் வழி

கடல்நீர்த் தொட்டியில் புதிதாக விட்ட மீன் செத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விட்டு எத்தனை நாள் ஆனது என்பதுதான். முதல் 24 மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலும் தண்ணீர்: உப்பு, அம்மோனியா, வெப்பம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் என்றால் செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். ஒன்றிலிருந்து மூன்று வாரம் என்றால் வெள்ளைப்புள்ளி, தட்டைப்புழு, அல்லது பழைய மீன்களின் அடி. அதற்கும் பிறகு மெல்ல மெலிந்து போனால் தீனியிலோ குடலிலோ கோளாறு. இந்தக் கணக்கு எப்போதும் பிசகாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருந்து பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு குழம்புவதைவிட இது சீக்கிரம் வழி காட்டும்.

அடுத்து, தோலைப் பார்க்கும் முன் செவுளைப் பாருங்கள். செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். விட்ட அன்றே ஓர் எண்ணிக்கை, மறுநாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எழுதி வைக்கவும். மீனுக்கு மீன் அளவு மாறும் என்பதால் எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். அமைதியாக இருக்கும் மீனில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பயணக் களைப்பு தீர்கிறது. ஏறிக்கொண்டே போனால், உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் ஏதோ நடக்கிறது.

மருந்தைத் தொடும் முன் அளக்க வேண்டியவை

உப்பு அடர்த்தி, வெப்பம், அம்மோனியா, பிஎச் ஆகிய நான்கையும் அளக்காமல் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. பவளம் இருக்கும் தொட்டிக்கு அடர்த்தி 1.025 முதல் 1.026 வரை, அதாவது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு). உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் பூச்சியத்துக்கு வைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள். பூச்சியத்தில் சரியாக இருப்பது 35இல் தப்பாக இருக்கலாம். அதற்கென்றே விற்கும் 35 பிபிடி திரவத்தில்தான் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகத் தெரியும்.

வெப்பம் 24 முதல் 26 டிகிரி. ஹீட்டரின் டயலில் இருக்கும் எண் அளவு ஆகாது. தனி வெப்பமானி வேண்டும். பிஎச் 7.9 முதல் 8.4 வரை இருக்கலாம், ஒரு நாளில் நிறைய ஆடாமல் இருந்தால் போதும்.

அம்மோனியா பூச்சியம் இருக்க வேண்டும். சில கிட்கள் எப்போதுமே 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டும். சந்தேகம் வந்தால், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை அதே கிட்டில் சோதித்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் வந்தால் கிட்டின் குணம் அது. நைட்ரைட்டைப் பொறுத்தவரை நன்னீர்த் தொட்டியில் கற்ற பயம் இங்கே வேண்டாம். கடல்நீரில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவது தடைபடுகிறது. மீனைக் கொல்லும் அளவுக்கு அது சாதாரணமாக ஏறாது. ஆனால் நைட்ரைட் தெரிகிறது என்றாலே அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் முழுதாக வளரவில்லை என்று பொருள், அந்தத் தொட்டிக்கு மீன் சேர்க்கும் வேளை வரவில்லை.

விட்ட முதல் நாளே படுத்துவிட்டது

முதலில் பை தண்ணீரின் அடர்த்தியைப் பாருங்கள். உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கி வைக்கவும் மீன் மட்டும் வைத்திருக்கும் விற்பனைத் தொட்டிகள் பலவற்றை 1.018, 1.020 என்று நீர்க்கவே ஓட்டுகிறார்கள். அங்கிருந்து வந்த மீனை ஒரு மணி நேரத்தில் 1.026க்கு ஏற்றினால், சுற்றியுள்ள உப்பு அதன் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சும். வெளியே காயம் எதுவும் இருக்காது. மீன் ஒரு மூலையில் சாய்ந்து, ஒன்று இரண்டு நாளில் போய்விடும். உப்பு குறையும் பக்கத்தை மீன் எளிதாகத் தாங்கும், கூடும் பக்கத்தைத் தாங்காது. எனவே தனித்தொட்டியை (புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) பையின் அடர்த்திக்கே தயார் செய்து வைத்து, பிறகு நாளொன்றுக்கு 0.001, மிஞ்சினால் 0.002 என்று ஏற்றுங்கள். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் நன்னீர் ஊற்றாமல் சில நாள் உப்புத் தண்ணீர் ஊற்றினாலே அந்த வேகத்தில் ஏறிவிடும்.

அடுத்த காரணம், நெடுந்தூரம் வந்த பை. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் 6.5 வரைகூட இறங்கும். அதே தண்ணீரில் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டிருக்கும். பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அது பெரும்பாலும் அம்மோனியமாகவே இருப்பதால் செவுளைச் சுடாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். 6.5க்கும் 8.2க்கும் இடையே நச்சுப் பங்கு ஏறத்தாழ 50 மடங்கு கூடுகிறது. பையைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது அன்பான செயலாகத் தெரியும். பத்து, இருபது மணி நேரம் பையில் இருந்த மீனுக்கு அதுதான் விஷம்.

அப்படி வந்த மீனுக்கு வேலை சுருக்கமாக முடிய வேண்டும். பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்ததும் அடர்த்தியை அளந்து, முன்பே அதே அளவில் வைத்திருக்கும் தொட்டிக்கு உடனே மாற்றுங்கள். பை தண்ணீர் உள்ளே போகக் கூடாது. வலையைவிட ஒரு பிளாஸ்டிக் குவளை நல்லது. ஏஞ்சல் மீனின் செவுள் மூடி முள்ளும் டாங் மீனின் வால் கத்தியும் வலையில் சிக்கினால் கிழிபடுவது மீன்தான். ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் வந்த மீனுக்குச் சொட்டு முறையில் தவறில்லை. விநாடிக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு, பையில் தண்ணீர் இரட்டிப்பாகும்வரை, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டிருக்க, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும்.

இரண்டும் சரியாக இருந்தும் புதுத் தொட்டியில் மீன் போனால், தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை. நாலு வாரம், ஆறு வாரம் என்று நாட்காட்டியைப் பார்ப்பதைவிடச் சோதனை நம்பகமானது. அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம்முக்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் விடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியத்துக்கு வந்தால் முதல் மீனை விடலாம். பாட்டிலில் வாங்கிய பாக்டீரியா சேர்த்திருந்தாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது.

மூச்சு வாங்குகிறது

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைவு. புது மீன் மட்டும் மூச்சு வாங்கினால் நோய், அல்லது செவுள் வெந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடல்நீரில் ஆக்சிஜன் கரைவது நன்னீரைவிடக் குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும், கடல்நீர் 7க்கும் கீழேதான். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். எனவே 30 டிகிரிக்குப் போன தொட்டியில் ஏற்கெனவே களைத்த புது மீன்தான் முதலில் விழும். நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மூச்சு தணிந்தால் காரணம் அதுதான். குமிழி நிறைய வருவது கணக்கில்லை. பரப்பு கலங்க வேண்டும்.

தணியவில்லையா? அப்படியானால் வெல்வெட் நோயை நினையுங்கள். அதை உண்டாக்கும் அமைலூடினியம் ஓசெல்லாட்டம் என்ற ஒற்றைச்செல் உயிரி முதலில் குடியேறுவது செவுளில்தான். மீன் பவர்ஹெட் ஓட்டத்துக்கு எதிரே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், நேற்றுவரை தின்றது இன்று தின்னாது. தோலில் மெல்லிய மாவு படிந்தாற்போல் தெரிய ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் தூசுப்படலம் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யக்கூடிய நோய் இது. கடல்நீர்த் தொட்டியில் “ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்” என்று சொல்லவே கூடாத இடம் இது.

மீனை உடனே தனித்தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுக்க வேண்டும். தாமிர மருந்தில் இரண்டு வகை உண்டு. வேறொரு மூலக்கூறோடு பிணைத்த வகைக்கு வேலை செய்யும் அளவு 2.0 முதல் 2.5 பிபிஎம் வரை. பிணைக்காத தாமிரத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் மீன் செத்துவிடும். அதன் அளவு இதில் சிறு பங்குதான். எனவே பாட்டிலில் எந்த வகை என்று படிக்காமல், வேறு யாரோ சொன்ன எண்ணைப் பின்பற்றாதீர்கள். வண்ண அட்டை கிட்டைவிட டிஜிட்டல் தாமிரமானி நல்லது, ஏனென்றால் 1.5க்கும் 2.5க்கும் உள்ள வித்தியாசம்தான் நோய் மீளுவதற்கும் மடிவதற்கும் உள்ள வித்தியாசம். வெள்ளைப்புள்ளி என்றால் மூன்று நாலு நாளில் மெல்ல ஏற்றலாம். வெல்வெட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, ஓரிரு நாளில் முழு அளவுக்கு வர வேண்டும். வந்த பிறகு 30 நாள் அந்த அளவு இறங்கக் கூடாது. ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

தாமிரம் இருக்கும் தொட்டியில் பாறை, மணல், கரி எதுவும் வேண்டாம். அவை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர்களையும் அதில் ஊற்றக் கூடாது. அவற்றில் பல தாமிரத்தை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும். அங்கே அம்மோனியா ஏறினால் ஒரே வழி தண்ணீர் மாற்றுவதுதான், மாற்றும் தண்ணீரிலும் முன்கூட்டியே அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும்.

உப்புக்கல் ஒட்டினாற்போல் வெள்ளைப்புள்ளி

எண்ணக்கூடிய, தனித்தனியான, உப்புக்கல் அளவு புள்ளிகள் என்றால் கிரிப்டோகேரியான் இர்ரிடன்ஸ், பேச்சுவழக்கில் இக். இதைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் ஏராளம், எல்லாம் அதன் சுழற்சியைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை. மீன் மேல் 3 முதல் 7 நாள் இருந்து தின்று வளரும். பிறகு தானாக உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ கூடு கட்டும். கூட்டுக்குள் பல மடங்காகப் பெருகி, சில நாளிலிருந்து நாலு வாரத்துக்குள், அபூர்வமாக இரண்டு மாதத்துக்கும் மேலே, வெடித்து வெளியே நீந்தும். அவற்றுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும்.

ஆகவே, ஐந்தாம் நாள் புள்ளி மறைந்தால் நோய் குணமாகவில்லை, உதிர்ந்திருக்கிறது. அந்த வாரம் நீங்கள் போட்ட பூண்டுச் சாற்றுக்கும் விட்ட சுத்தக்கார இறாலுக்கும் பாராட்டு போய்ச் சேரும்; அடுத்த அலை பத்து மடங்காக வரும்போது அவற்றை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பவளத்தோடு சேர்த்தே ஊற்றலாம் என்று விற்கும் மருந்துகளில் இந்த ஒட்டுண்ணியை நம்பகமாக ஒழிப்பது எதுவும் இல்லை. கூட்டுக்குள் இருக்கும்போது அது எந்த மருந்துக்கும் அசையாது. நீந்தும் பருவத்தில் மட்டுமே அதைக் கொல்ல முடியும்.

இரண்டு வழி பயன் தரும். ஒன்று, மேலே சொன்ன தாமிரம். இன்னொன்று மருந்தே இல்லாத தொட்டி மாற்று முறை. மாண்டரின், சில ராஸ் வகைகள் போன்று தாமிரம் ஒத்துக்கொள்ளாத மீன்களுக்கு இதுவே சிறந்தது. வேண்டியவை இரண்டு வெறுந்தொட்டிகள், இரண்டு ஹீட்டர், இரண்டு ஏர் ஸ்டோன், ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள்.

1. முதல் நாள் மீனை அ தொட்டியில் விடுங்கள்.
2. 72 மணி நேரம் முடியும் முன், வெப்பமும் அடர்த்தியும் சமமாக வைத்த ஆ தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீர் ஒரு கைப்பிடிக்கு மேல் கூட வரக் கூடாது.
3. அ தொட்டியையும் அதிலிருந்த பொருட்களையும் கழுவி, ஒரு நாள் முழுதும் துளி ஈரமில்லாமல் காய விடுங்கள்.
4. இப்படி 4, 7, 10, 13ஆம் நாட்களில் மாற்றுங்கள்.

உதிர்ந்தவை கூடு கட்டி வெடிக்கும் முன் மீன் அங்கிருந்து கிளம்பிவிடுகிறது. இந்த முறையின் தந்திரம் அவ்வளவுதான். வெல்வெட்டுக்கும் தட்டைப்புழுவுக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது.

மீன் வெளியே சிகிச்சையில் இருக்க, பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாள் விடுவது பாதுகாப்பான கணக்கு. இறாலும் நத்தையும் பவளமும் இருக்கலாம், அவற்றில் இது வாழாது. அந்தக் காலத்தில் ஈரமான வலை, கை, சைஃபன் குழாய் எதுவும் இரு தொட்டிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டாம்.

முகத்திலும் துடுப்பிலும் சிறு காலிஃபிளவர் போன்ற கட்டி, மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது என்றால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் வைரஸ். அதற்குத் தாமிரம் ஊற்றி மீனை வதைக்காதீர்கள். நல்ல தீனியும் அமைதியும் கிடைத்தால் தானே விழும்.

கோமாளி மீன் தோல் உரிகிறாற்போல் சளி விடுகிறது

கடலில் பிடித்த கோமாளி மீன்களில், வந்த சில நாளில் தலையிலிருந்து தொடங்கி உடம்பில் வெண்சளித் திட்டுகள் பரவி, தோல் நாராகத் தொங்கினால் ப்ரூக்லினெல்லா என்னும் ஒட்டுண்ணி. வேகம் வெல்வெட்டுக்கு நிகர். தாமிரம் இதற்குப் பயன்படாது. பழகிய மருந்து ஃபார்மலின்: 37 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 0.15 மில்லிலிட்டர் வீதம் தனி வாளியில் கலந்து, 30 முதல் 45 நிமிடக் குளியல், பிறகு சுத்தமான வேறு தொட்டி. பழைய தொட்டிக்கே திருப்பி விட்டால் குளியல் வீண். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் ஏர் ஸ்டோன் பலமாக ஓட வேண்டும். மீன் கவிழ்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பாட்டிலடியில் வெண்படிவு இருந்தால் அந்த மருந்து ஆகாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் இது; கையுறை, காற்றோட்டமான இடம் இரண்டும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளியை வாங்கினால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

பாறையில் உரசுகிறது, கண் மங்குகிறது

இரண்டு கண்ணும் பனிபடர்ந்தாற்போல், தலையை ஆட்டிக்கொண்டு, அடிக்கடி மணலில் புரண்டால் தட்டைப்புழு. இவை கிட்டத்தட்டக் கண்ணாடி போலிருப்பதால் மீன் மேல் இருக்கும்போது தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி நன்னீர்க் குளியல். ஆர்.ஓ. தண்ணீரை முன்பே நன்றாகக் காற்றூட்டி, வெப்பத்தைத் தொட்டிக்குச் சமமாக்கி, சிறிது சமையல் சோடாவால் பிஎச்சை 8.2க்கு ஏற்றிக் கரும்நிற வாளியில் ஊற்றுங்கள். மீனை 5 நிமிடம் விடுங்கள். புழு இருந்தால் வெள்ளையாகி, எள்ளளவுத் துணுக்குகளாக அடியில் உதிரும். மீன் முதல் நிமிடத்தில் சாய்ந்து படுப்பது உண்டு. செவுள் ஆடிக்கொண்டிருந்தால் பயமில்லை.

குளியலில் விழுந்தது ஒரு பங்குதான், செவுளுக்குள் மீதி இருக்கும். புழுக்கொல்லியான பிராசிக்வாண்டெல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், தனித்தொட்டியில். எளிதில் கரையாத பொருள் என்பதால் சிறு பாத்திரத்தில் நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். முட்டையை அது கொல்லாது. எனவே ஐந்து முதல் ஏழு நாள் கழித்து இரண்டாம் முறை கட்டாயம். பலரும் தவற விடுவது இதைத்தான்.

ஒரே ஒரு கண் மட்டும் வீங்கியோ மங்கியோ இருந்தால் எங்கோ இடித்துக்கொண்டது. சுத்தமான தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

க்ரோமிஸின் பக்கத்தில் சிவந்த புண்

பச்சை க்ரோமிஸ் கூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றுப்பக்கம் ரத்தச் சிவப்பாகப் புண் வந்து சாவது யூரோனிமா என்னும் ஒட்டுண்ணியால். இதற்கு வாழ மீனே தேவையில்லை, அழுகும் பொருளைத் தின்றே தொட்டியில் கிடக்கும். அதனால் தொட்டியைக் காலியாக விட்டு ஒழிக்க முடியாது. புண் வெளியே தெரிந்த மீன் பிழைப்பது அரிது. அதைப் பிரித்துவிட்டு மற்றவற்றைக் கவனியுங்கள். வாங்கும்போதே அந்தக் கூட்டத்தில் ஒன்றில் சிவப்பு தெரிந்தால், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

தின்னவில்லை

முதல் இரண்டு மூன்று நாள் தின்னாதது இயல்பு. விளக்கை மங்க வைத்து, தொட்டி முன் நடமாட்டத்தைக் குறைத்து, ஒளிய இடம் கொடுங்கள். நாலாம் நாளும் வாயைத் திறக்காவிட்டால் மூச்சை எண்ணுங்கள். மூச்சு வேகமாக இருந்தால் தீனியைப் பற்றிய கவலையை விட்டு, மேலே உள்ள “மூச்சு வாங்குகிறது” பகுதிக்குப் போங்கள். மூச்சு நிதானமாக இருந்தால் மட்டுமே இது தீனிப் பிரச்சினை.

உறைந்த மைசிஸ் இறால் பெரும்பாலான மீன்களுக்கு முதல் முயற்சி. உறைகட்டியை அப்படியே போடாமல், தொட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் போடவும். அதைக் கண்டுகொள்ளாத மீனுக்கு ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலை உயிரோடு போடுங்கள், அசைவைக் கண்டால் கொத்தும் பழக்கம் தூண்டப்படும். சத்து குறைவு என்பதால் அதிலேயே நிறுத்திவிடாமல் இரண்டு மூன்று நாளில் மைசிஸைக் கலந்து பழக்குங்கள். டாங், முயல்மீன் வகைகளுக்குக் கடற்பாசித் தாளை ஒரு கிளிப்பில் மாட்டிப் பகல் முழுதும் வையுங்கள்; அவை நாளெல்லாம் மேயும் இனம், ஒரு வேளை இறைச்சித் தீனி போதாது. நீள்மூக்குப் பட்டைக்காரக் காப்பர்பேண்ட் மீனுக்குப் பிளந்த மட்டியைச் சதையோடு பாறை இடுக்கில் வைத்தால் கொத்த வாய்ப்பு அதிகம். போடும் அளவு இரண்டு நிமிடத்தில் தீர வேண்டும். தின்னாத மீனுக்காக மேலும் மேலும் போட்டு, தனித்தொட்டியில் அம்மோனியாவை ஏற்றிக் கொல்வது மிகச் சாதாரணமாக நடப்பது.

மாண்டரின் கதை வேறு. அது நாள் முழுதும் கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகளைப் பொறுக்கித் தின்பது. சில மாதமாவது ஆன, பாறை நிறைந்த தொட்டியில்லாமல் அதை வாங்கினால், உறைதீனி தின்னப் பழகிய மீனாக இல்லாதவரை, பட்டினி போடுகிறீர்கள் என்று பொருள். மற்ற கோபிபாட் தின்னிகள் அதே தொட்டியில் இருந்தால் இன்னும் கஷ்டம். எந்த மீனானாலும், வாங்கும் முன் உங்கள் கண்ணெதிரே தீனி போட்டுக் காட்டச் சொன்னாலே பாதி வைத்தியம் முடிந்தது.

தின்கிறது, ஆனாலும் மெலிகிறது

முன்னாலிருந்து பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை குழிந்திருந்தால் பட்டினி நீண்டிருக்கிறது. கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். மெட்ரோனிடசோலோ பிராசிக்வாண்டெலோ தீனியில் கலந்து கொடுப்பது வழக்கம், தண்ணீரில் ஊற்றினால் குடலுக்குப் போய்ச் சேருவது குறைவு. ஒரு நாள் வெள்ளைக் கழிவைப் பார்த்துவிட்டு மருந்து தொடங்க வேண்டாம், வெறும் வயிற்றிலும் அப்படி வரும். ஆந்தியாஸ் போன்ற இடைவிடாமல் நீந்தும் மீன்களுக்கு நோயே இல்லாமல், நாளைக்கு ஒரு வேளை மட்டும் போடுவதாலேயே இந்த மெலிவு வரும். மூன்று நாலு வேளையாகப் பிரியுங்கள்.

பழைய மீன்கள் துரத்துகின்றன

கிழிந்த துடுப்பு, மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது, விளக்கு அணைந்த பிறகு மட்டும் வெளியே வருவது. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே தீனி உள்ள மீன்களுக்குள்தான் சண்டை அதிகம். துளையிட்ட தெளிவான பழக்கப் பெட்டியைத் தொட்டிக்குள் மாட்டி, புது மீனை அதில் 3 முதல் 7 நாள் வையுங்கள். பழையவை வந்து வந்து மோதி, பிறகு சலித்துப்போகும். சலிக்கவில்லை என்றால் புது மீனைத் திறந்து விடாதீர்கள். அடாவடிக்காரனைப் பிடித்து ஒரு வாரம் அதே பெட்டியில் போடுங்கள், எல்லை உரிமை கலைந்துவிடும். விடும் நேரம் விளக்கு அணையும் வேளை. டாம்சல் வகைகளைக் கடைசியாகச் சேர்ப்பதே நல்லது. அவற்றை முதலில் சேர்த்தவர்களுக்குப் பிறகு எதைச் சேர்த்தாலும் போர்தான்.

மீனையே காணோம்

தொட்டிக்கு வெளியே தரையில், சம்ப்பில் (தொட்டித் தண்ணீர் போய்வரும் வடிகட்டித் தொட்டி), நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் தேடுங்கள். ஃபயர்ஃபிஷ், கோபி, ராஸ் எல்லாம் குதிக்கும்; கோபி புகும் இடைவெளி நம்ப முடியாத அளவு சிறியது. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைமூடி, வயர் நுழையும் மூலை உட்பட முழுதாகப் பொருத்துங்கள். ஹாலிகோயிரிஸ், சிறுத்தை ராஸ் இனங்கள் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. புது இடத்தில் சில நாள் வெளியே வராமல் இருக்கும், அப்புறம் தங்கள் நேரப்படி எழும். அவற்றைத் தேடி மணலைக் கிளறாதீர்கள். தனித்தொட்டியிலும் இவற்றுக்கு ஐந்து செ.மீ. மெல்லிய மணல் நிரப்பிய டப்பா ஒன்று வேண்டும்.

தலை கீழாக, வால் மேலாக மிதக்கிறது

ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்த மீனின் காற்றுப்பை வீங்கினால் இப்படி. கீழே இறங்க முயன்று துடுப்பை ஓயாமல் அடிக்கும். வீட்டில் செய்யக்கூடியது மங்கலான வெளிச்சமும் அமைதியும் மட்டுமே. ஊசியால் காற்றெடுக்க முயல வேண்டாம். வாங்கும்போதே இப்படி நீந்தும் மீனைத் தவிர்ப்பதுதான் தீர்வு.

பயப்பட வேண்டாதவை

இரவில் முயல்மீன் திட்டுத்திட்டாகப் பழுப்பாகிவிடும், விளக்கு வந்ததும் நிறம் திரும்பும். கோமாளி மீன் சாய்ந்து படுத்து மேல்மட்டத்தில் ஆடித் தூங்கும். கிளிமீனும் சில ராஸும் சளிப்போர்வைக்குள் உறங்கும். பகலில் எல்லாம் சரியாக இருந்தால் இவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

தனித்தொட்டியிலேயே சாகிறது

மருந்தைக் குறை சொல்லும் முன் அம்மோனியாவை அளந்து பாருங்கள். மீன் வரும் அன்று புதிதாக வாங்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டரில் பாக்டீரியா கிடையாது. இரண்டு மூன்று நாளில் அம்மோனியா ஏறும், மீன் மூச்சு வாங்கும், அதைப் பார்த்து இன்னொரு மருந்து விழும். நாலு முதல் ஆறு வாரம் முன்பே ஒரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் போட்டு ஊற விடுங்கள். சிறு மீன்களுக்கு 40 முதல் 75 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அடியில் மணலில்லாமல். டாங் போன்ற நீச்சல்காரர்களுக்கு அது போதாது. ஒளிய இரண்டு மூன்று பிவிசி எல்போ, ஹீட்டர், மூடி, கண்ணாடியில் ஒட்டும் அம்மோனியா பட்டை. பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் காகிதத்தால் மறைத்தால் மீன் விரைவில் அடங்கும். இரண்டு மருந்துகளை ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம்; தாமிரமும் ஃபார்மலினும் சேரவே கூடாது.

சிகிச்சை முடிந்து மருந்தில்லாத தண்ணீரில் இரண்டு வாரம் புள்ளியோ உரசலோ இல்லாமல் தின்றால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு முன் தனித்தொட்டியின் அடர்த்தியைப் பெரிய தொட்டியின் அளவுக்குக் கொண்டுவந்து, மீனை மட்டும் குவளையில் எடுத்து விடுங்கள். தாமிரம் பட்ட ஸ்பாஞ்ச், வலை, குழாய் எதுவும் இறாலும் பவளமும் இருக்கும் தண்ணீருக்குள் போகக் கூடாது. அவற்றின் மேல் நிறந்தீட்டிக் குறி வைத்துத் தனி வாளியில் போட்டு வைத்தால் கை தவறாது.